ஏழாம் மேசையின் அரைச்சுற்று

ஏழாம் மேசைக்கு வந்து சேரும்போது கேஸ் கிரில் அடுப்பு பாதி பிறந்திருக்கும். கால், சக்கரம், மூடி எல்லாம் முந்தைய மேசைகளிலேயே ஏறிவிடும். அந்த மேசையில் இருக்கும் அவளுடைய வேலை ரப்பர் குழாய். ஒரு முனையை பர்னருக்குப் போகும் திருகில் இறுக்க வேண்டும். மறுமுனையில் ரெகுலேட்டரை மாட்ட வேண்டும். பிறகு காற்றடித்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். குமிழ் கிளம்பினால் கசிவு. கிளம்பாவிட்டால் மேசை எண் முத்திரையைக் குத்தி எட்டாம் மேசைக்குத் தள்ளலாம். குழாய் மாட்டும் மேசைகள் மற்ற வரிசைகளிலும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு எண்.

இதற்குக் கம்பெனி ஒதுக்கியது தொண்ணூறு விநாடி. அவளுக்கு நூற்றியொன்று ஆகும். அதனாலேயே 'நிதானம்' என்று பேர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

"நிதானக்கா, உங்க அடுப்பு போய்ச் சேர்றதுக்குள்ள வாங்கினவனுக்குப் பசியே செத்துடும்," என்பாள் எட்டாம் மேசைக்காரி.

"பசிச்சா தண்ணியக் குடிச்சுட்டுக் கிடக்கட்டும். வீடு பத்திக்கிட்டா நீயாடி போய் அணைப்பே?"

அந்தப் பதினோரு விநாடி வீணாகவில்லை. குழாயை நேராகத் தொங்கவிடச் சொல்லிச் சுவரில் செய்முறைத் தாள் ஒட்டியிருந்தது. அவள் அப்படி விடமாட்டாள். இரண்டு கால்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பிக்குப் பின்னால் கொண்டுபோய், அரைச்சுற்று சுற்றி, வெளிப்பக்கமாக இறக்குவாள். அடுப்புக்கு அடியில் கொழுப்பு வடிய ஒரு தகரத் தட்டு உண்டு. மேலே இறைச்சி வேகும்போது அதில் விரல் பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். நேராகத் தொங்கும் குழாய் அந்தத் தட்டுக்கு நாலு விரல் தள்ளி நிற்கும். ஆனால் சக்கரம் வைத்த அடுப்பு ஒரே இடத்தில் நிற்குமா? காற்று அடிக்கிறதென்று யாராவது உருட்டுவார்கள். உருட்டினால் குழாய் ஊசலாடும், தட்டில் போய் ஒட்டும், ரப்பர் இளகும். அப்புறம் உள்ளே இருக்கிற கேஸ் சும்மா இருக்காது.

சூப்பர்வைசரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"தாள் போட்டவங்க படிச்சவங்கம்மா. நீங்க நேரத்தப் பாருங்க. புது விதிப்படி தொடர்ந்து மூணு மாசம் தொண்ணூறத் தாண்டினா பேரு பட்டியலுக்குப் போயிடும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பட்டியல் என்றால் ஆட்குறைப்பு. கணவர் முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுத்த நாளிலிருந்து வீட்டில் உலை கொதிப்பது இவள் ஒருத்தி கையால். அது தெரிந்தும் அடுத்த அடுப்பு வந்தபோது கை தானாகக் கம்பிக்குப் பின்னால் போனது. அந்த மாதம் மூன்றாவது மாதம்.

மாதம் முடியுமுன் செய்தி வந்தது. பல ஊர்களில் கிரில்கள் தீப்பிடித்திருந்தன. ஒரு வீட்டில் கொல்லைக் கதவும் சேர்ந்து எரிந்துபோயிருந்தது. யாரும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம், எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று கம்பெனி அறிவித்தது. அனுப்பிய லாரிகளே திருப்பிக் கொண்டுவந்து கொட்டின. கருகினவை, கருகாதவை, ஒன்றில் பாதி வெந்த கோழிக்கால்கூட ஒட்டியிருந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எஞ்சினியர் வந்தார். மூன்று நாள் தரையில் மண்டிபோட்டு ஒவ்வொரு அடுப்பாகப் புரட்டினார். நான்காம் நாள் எல்லாரையும் கூப்பிட்டார்.

"கருகினதுல ஏழாம் மேசை முத்திரை ஒண்ணுலகூட இல்ல. அதுல எல்லாம் குழாய் வேற மாதிரி சுத்தியிருக்கு. தாள்ல இப்படி இல்லையே, யார் செஞ்சது?"

எட்டாம் மேசைக்காரி அவள் முந்தானையைப் பிடித்திழுத்தாள். "வாயத் தொறக்காதீங்கக்கா. தாள மீறினேன்னு எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார். லாரிகள் திருப்பிக் கொண்டுவந்து குவித்திருந்த அடுப்புகளை அவள் பார்த்தாள். எல்லாம் மறுபடி யாரோ வீட்டுக் கொல்லைக்குத்தான் போகப்போகின்றன.

"நாந்தாம்மா," என்றாள்.

"செஞ்சு காட்டுங்க."

செய்தாள். எஞ்சினியர் அதைப் பற்றவைத்தார். தட்டு பழுக்கும்வரை காத்திருந்து, முன்னும் பின்னும் இருபது முறை உருட்டினார். குழாய் அசையவே இல்லை. கம்பி அதைக் குழந்தையை இடுப்பில் வைத்த மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது.

"குழாயத் தாங்க புதுசா ஒரு பிடி வார்க்கணும், ஆறு மாசமாகும்னு நாங்க கணக்குப் போட்டுட்டிருந்தோம்," என்றார் எஞ்சினியர். "உங்களுக்கு ஒரு ஆணிகூடத் தேவைப்படலையே!"

அன்றே அவள் கைகளைப் பல கோணத்தில் படம் எடுத்தார்கள். மறுவாரம் புதிய செய்முறைத் தாள் வந்தது. நான்கு படங்கள், மணிக்கட்டுவரை. ஒதுக்கிய நேரம் நூற்றைந்து விநாடி. எஞ்சினியர் அடுத்த தொழிற்சாலைக்குப் போய்விட்டார்.

பட்டியலும் அதே வாரம் வந்தது. அதில் அவள் பெயர் இருந்தது.

"புதுத் தாள்ல நூத்தஞ்சு போட்டிருக்கே சார். எனக்கு நூத்தியொண்ணுதானே?"

"அது வர்ற மாசத்துலேர்ந்தும்மா." சூப்பர்வைசர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பட்டியல் பழைய தொண்ணூறுக்குப் போட்டது. மேல கையெழுத்து ஆயிடுச்சு."

மிச்சமிருந்த ஆறு நாளும் அவள் சும்மா உட்காரவில்லை. குழாய் மாட்டும் ஒவ்வொரு மேசையாகப் போய், எட்டாம் மேசைக்காரியையும் உட்காரவைத்து, விரலைப் பிடித்து, குழாய் மடியாமல் சுற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை விடுவிப்புக் கடிதம் வாங்க வந்தவளைக் காவலர் உள்ளே விடவில்லை. கம்பிவேலிக்கு வெளியே நின்றாள். சாப்பாட்டு நேரம். இப்போது ஏழாம் மேசையில் உட்காரும் எட்டாம் மேசைக்காரி வாயில் சோற்றோடு ஓடிவந்தாள்.

"அக்கா, சுத்துனா குழாய் நெளியுது. எந்தப் பக்கம் திருப்பணும்?"

"மொதல்ல முழுங்குடி. எம்புட்டு தடவ சொன்னேன்?" அவள் கைப்பையைத் தோளில் தள்ளிக்கொண்டு, இல்லாத குழாயை இரண்டு கையாலும் தூக்கினாள். "கம்பிக்குப் பின்னாடி... ம்... இப்ப உன் பக்கமா."

"ஓரமா நில்லும்மா, வண்டி வருது," என்றார் காவலர்.

சரிசெய்த அடுப்புகளை ஏற்றிய லாரி வாசலைக் கடந்து வெளியேறியது. அவள் வேலியோடு ஒட்டி நின்றுகொண்டு, புழுதியிலும் கையை இறக்காமல், காற்றில் அரைச்சுற்றைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள்.