வாலைக் குடையாகப் பிடிக்கும் அணில்

குழந்தைகளுக்கான ஒலிப்பாடங்களுக்குக் குரல் கொடுப்பது என் வேலை. சிரித்த முகத்தோடு படித்தால்தான் குரலில் சிரிப்பு கேட்கும் என்பார் ஒலிப்பதிவாளர். அதற்கென்றே மைக்கின் பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை ஒட்டிவைத்திருந்தார். அவரிடம் வாய் கொடுத்து மீள முடியாது.

அன்று பாலைவன அணில். "பெரிய பாலைவனத்தில் மரங்கள் குறைவு. அங்கே அணில்கள் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும். வெயில் பொறுக்காதபோது வாலைக் குடைபோலத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளும்" என்று படித்தேன்.

"உசுரே இல்லையே மேடம். கொஞ்சம் சிரிங்க."

என் கணவர் பாலைவனத்தில் குழாய் பதிக்கப் போய், உச்சி வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தவர். அதை இந்த ஆளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? கண்ணாடியைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து, மறுபடி படித்தேன்.

"இதான் வேணும்" என்றார்.

அடுத்த மாதம், முதல் வகுப்பில் இருக்கும் என் மகள் அந்தப் பாடத்தைப் பள்ளியில் கேட்டுவிட்டு வந்தாள். முதுகிலிருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பாவுக்குத்தான் வால் இல்லையேம்மா" என்றாள். "நீ ஏன் சிரிச்சே?"