பல்லியும் பழியும்

"அணைடி! உள்ளங்கையால அடிச்சு அணை. எவன் வாயும் உன் வாயில படலைன்னா சூடம் சுடாது."

வெற்றிலையில் எரியும் சூடத்தை வடிவின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள் மாமியார் பாப்பம்மாள். புருஷன் மயில்சாமி அடுப்போரம் குளிர்காய்ந்தபடி தரையைப் பார்த்தான். சத்தியம் செய்யாவிட்டால் வடிவு மலையிறங்கிப் பாலசமுத்திரத்துக்கு, அப்பன் வீட்டுக்கே போய்விட வேண்டும். டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்தாகிவிட்டது.

குற்றம் என்ன? கீழுதட்டில் கொத்தாக நாலு நீர்க்கொப்புளம். மேல்மலைப் போளூருக்கு வாக்கப்பட்டு வந்த முதல் குளிர்காலம். பனியில் பூண்டுக் காட்டில் நின்றாள். காய்ச்சல் வந்தது, கூடவே இதுவும் வந்தது. கொடைக்கானல் சந்தையில் எவனிடமோ வாங்கி வந்தாள் என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கல்யாணமான புதிதில் மயில்சாமி உதட்டிலும் இதே கொத்துத்தான். "தூங்கையில பல்லி மூத்திரம் பேஞ்சிருச்சுப்பா" என்று மஞ்சள் அரைத்துப் போட்டவள் இதே பாப்பம்மாள். ஆணுக்கு வந்தால் பல்லி. பெண்ணுக்கு வந்தால் பழி.

"அணைக்கிறேன் அத்தை. ஆனா வரிசையா அணைப்போம்" என்றாள் வடிவு.

"என்னடி வரிசை?"

"ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னாக. இது பல்லியும் இல்ல, பாவமும் இல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமி. முத்தம் குடுத்தா ஒட்டுமாம். ஒட்டிருச்சுன்னா சாகுற மட்டும் நரம்புக்குள்ள படுத்துக் கெடக்கும். குளிரு, காய்ச்சல்னா எந்திரிச்சு உதட்டுக்கு வரும். எனக்குக் குடுத்தது உங்க மகன். இவுகளுக்கு யாரு குடுத்தா?"

"ஏலே, கேட்டுக்கிட்டா உக்காந்திருக்க? வாயிலயே போடுலே!"

மயில்சாமி அசையவில்லை.

"முதல்ல இவுக அணைக்கட்டும். இல்ல, அதுக்கும் முன்னால நீங்க. உங்க உதட்டோரம் பொருக்குக் காஞ்சு கெடக்கே, வெத்தலைச் சுண்ணாம்பு பட்டுப் பொத்துருச்சுன்னீகளே, அதுவும் இதுதான். பெத்த மகனைக் கொஞ்சையில குடுத்திருப்பீக. உங்களுக்கு எவன் குடுத்தான் அத்தை?"

பாப்பம்மாளின் கை தன்னையறியாமல் உதட்டோரப் பொருக்குக்குப் போனது. மயில்சாமி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான். தாயின் வாயைப் பார்த்தான்.

யாரும் கை நீட்டவில்லை. சூடம் வெற்றிலையைக் கருக்கிவிட்டுத் தானாகவே அணைந்தது.

வடிவு டிரங்குப் பெட்டியை இழுத்துவந்து பழைய இடத்திலேயே போட்டாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டாள்.

"எனக்குக் காட்டுல சோலி கெடக்கு. பல்லி ஆப்புட்டா கூப்புடுங்க அத்தை. அதையும் சூடம் அணைக்கச் சொல்லுவோம்."