தார்ன்கோம் வீட்டில் அடித்த மணி

தார்ன்கோம் பிரபு மார்ச் மாதம் குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போனார். அவருக்கு மூன்று பெண்கள். மூன்றையும் தூக்கி வளர்த்த தாதி நான். அவர் மனைவி சிபில் சீமாட்டி அப்போது மறுபடி முழுகாமல் இருந்தார். அதனால் பிரபு பட்டம் அந்தரத்தில் நின்றது. ஆண் பிறந்தால் தொட்டிலிலேயே அவன் பிரபு. வீடும் நிலமும் அவனுக்கு. பெண் பிறந்தால் எல்லாம் செத்தவரின் தம்பி ஆக்டேவியஸுக்கு. சீமாட்டி பெண்களைக் கூட்டிக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் விதவைகளுக்கென்று கட்டிப்போட்ட வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வீட்டுச் சுவரில் கோடையிலும் ஈரம் காயாது. சட்டம் எழுதிய ஆண்கள் யாரும் அங்கே படுத்துப் பார்த்ததில்லை.

அதுவரை யாரையும் பிரபு என்று கூப்பிடக் கூடாது. சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. பண்ணையைப் பார்த்துக்கொள்ள வந்த ஆக்டேவியஸ் ஓரத்தில் உட்கார்ந்து, தலை நிமிராமல் ஆட்டிறைச்சியை மென்றார்.

"வீடு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே திரைச்சீலையெல்லாம் அளந்தாச்சா, கொழுந்தனாரே?" என்பார் சீமாட்டி.

"எனக்கு எதுக்கு அண்ணி அதெல்லாம்."

பேசத் தெரியாத மனிதர். தேனீப்பெட்டிகளும் ஒரு கிழட்டு நாயும் போதும் அவருக்கு. ஒருநாள் என்னிடம், "பொண்ணே பொறந்தாலும் அவங்க இங்கயே இருக்கட்டும், நர்ஸ். நான் சொன்னா பிச்சை போடுறேன்னு நினைப்பாங்களோ?" என்றார்.

"நேரா போய்ச் சொல்லிடுங்க."

தலையாட்டினார். ஆனால் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு மதியம், பட்லர் டகெட் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கூடத்தில் நின்ற ஆக்டேவியஸுக்கு முன்னால் குனிந்து, "சாப்பாடு தயாரா இருக்கு, பிரபு" என்றார். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க, பிரபு. பாப்பாவும்."

"அப்ப சர்ச் மணிய அடிக்கச் சொல்லுங்க."

டகெட் தொண்டையைச் செருமினார். "வாரிசு பொறந்தா அடிப்பாங்க. புதுப் பிரபு வந்தா அடிப்பாங்க. பொண்ணுக்கு அடிக்கிற வழக்கமில்ல, பிரபு."

"எங்க அண்ணன் பொண்ணு அது. அடிக்கச் சொல்லுங்க."

வாழ்நாளில் அவர் போட்ட முதல் உத்தரவு. எனக்கு மனம் குளிர்ந்துபோனது. அதே சந்தோஷத்தோடு மாடிக்கு ஏறினேன். நான் போய்ச் சேரவும் மணி ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. சீமாட்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"கேட்டியா? நான் எந்திரிச்சு உக்கார்ற வரைக்கும்கூட பொறுக்கல அந்த மனுஷனுக்கு. பட்டம் வந்ததை ஊருக்கே சொல்றார்."

"அது பாப்பாவுக்காகம்மா. பக்கத்துல நின்னு என் காதால கேட்டேன்."

சீமாட்டி சிரித்தார். "மூணு பொண்ணு பெத்தேனே, ஒரு தடவையாவது அடிச்சாங்களா?"

அடிக்கவில்லை. மூன்று முறையும் நான் இதே அறையில்தான் நின்றிருந்தேன்.

"போய்ப் பெட்டிகளைக் கட்டச் சொல்லு. அவர் வாயால போகச் சொல்றதுக்கு முன்னாடி நாமளே போயிடலாம்."

கீழே சூப் ஆறிக்கொண்டிருந்தது. ஆக்டேவியஸ் இன்னும் உட்காரவில்லை.

"அவங்களுக்கு மணி கேட்டுச்சா, நர்ஸ்?"

"நல்லா கேட்டுச்சு, பிரபு. பெட்டி கட்டச் சொல்லிட்டாங்க."

எது என்று பார்க்காமல், கைக்கு எட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். அது தலைப்பக்கத்து நாற்காலி. டகெட் ஓடிவந்து அவர் மடியில் துணியை விரித்தார்.