மதகின் வாயில் கிடந்த ஓலை

பனைகள் நிரை நிரையாக நிற்கும் கோப்பாயின் கீழ்ப்புறத்தே, புகையிலைத் தோட்டங்கள் முடிந்து உவர்நிலமாகிய தரவை தொடங்கும் எல்லையில், கல்லிட்டு உயர்த்திய வீதியொன்று வடக்கும் தெற்குமாய் நீண்டு கிடந்தது. உலகப்போர் மூளுவதற்கு முன்னைய ஓராண்டின் ஐப்பசியில், ஞாயிறு தரவையின்மேல் எழுந்து வாய்க்கால் நீரைப் பொன்னிறமாக்கிய காலைப்பொழுதில் நீவிர் அங்கு நின்றிருப்பின், அவ்வீதியின் அடியிலிருந்த மதகு உம் கண்ணிற் பட்டே இராது. ஆளொருவன் குனிந்து நுழையுமளவு கல்வாய், அவ்வளவே. ஆயினும் மேற்கேயுள்ள தோட்டங்களிலும் வளவுகளிலும் பெய்யும் மழையெல்லாம் அவ்வொரு வாயினூடாகவே கடல்நீரேரியைச் சேர்தல் வேண்டும். வீதியில் நடப்போர் வீதியைப் புகழ்வர்; மதகை நினைப்பார் ஒருவருமிலர்.

நினைப்பதற்கென்றே ஒருவன் இருந்தான். வீதி வேலையாட்களின் தலைவனாகிய கதிரவேலு, ஆண்டுதோறும் மதகில் அடைந்த மண்ணையும் முள்ளையும் அள்ளி, உட்கற்களைத் தட்டிப் பார்த்து, பிளவு கண்ட இடத்தைச் சுண்ணச்சாந்தால் பூசி, இருபத்திரண்டு மாரிகளை அவ்வழியே பழுதின்றி அனுப்பிவைத்தவன். அன்று காலை அவன் கண்டது மண்ணுமன்று, முள்ளுமன்று. மதகின் வாயெதிரே, கல்லேற்றி நீருள் அமிழ்த்திய தென்னோலைக் கட்டுகள் பன்னிரண்டு கிடந்தன. அருகே நாகேஸ்வரி நின்றாள்.

உவர்நீரில் ஊறிய ஓலையைச் செல்லாகிய கறையான் எளிதில் அரிக்காது என்று, கூரைக்குக் கிடுகு பின்னுமுன் அதனை நீரில் ஊறவிடுதல் அவ்வூரார் வழக்கம். ஆனால் மாரிக்கு நெடுநாள் முன்னரே முடிய வேண்டிய வேலை அது. கணவன் சீவரத்தினம் ஆடி முதலாகப் படுக்கையிற் கிடந்தமையால், நாகேஸ்வரி வீடு வேயும் பருவத்தைத் தவறவிட்டாள். பள்ளத்திலிருந்த அவர்களது மண்வீட்டின் கூரை, நோயாளியின் பாயின்மேலேயே ஒழுகிற்று.

“மதகு வாயிலை ஓலை போடலாமோ, தங்கச்சி? அங்காலை குளத்திலை போடுறதுதானே?”

“குளத்தடிக்குச் சுமக்க எனக்கு ஆர் துணை, அண்ணை? மூண்டு நாள் பொறுங்கோ, எடுத்துப்போடுவன். இவர் பாயோடை நனையிறார்.”

கதிரவேலு வானை நோக்கினான். துடைத்த கண்ணாடி போல் தெளிந்திருந்தது. “ஓம், மூண்டு நாள்தான்,” என்று சொல்லி நடந்தான். ஒரு நல்ல செயல் செய்தோம் என்ற மகிழ்வு அன்று முழுதும் அவனோடிருந்தது. அதனை மறைத்துக் கூற எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் விடியலில் வாடைக்காற்று எழுந்தது. நண்பகலுக்குள் பனைகள் வளைந்தன. வானும் தரவையும் வேறுபாடறியாதவாறு மழை கொட்டிற்று. ஓலைக்கட்டுகளின் மேலிருந்த கற்கள் உருள, கட்டுகள் நீரோடு மதகினுள் இழுபட்டு, ஒன்றோடொன்று பின்னித் தொண்டையில் முள்ளெனச் சிக்கின. வெள்ளம் வீதியின் மேற்குப் புறத்தே தேங்கி, பள்ளத்து வீடுகளை நோக்கித் திரும்பிற்று.

இடையிற் கயிறு கட்டிக் கதிரவேலு மதகின் வாயில் இறங்கினான். சிறிது நேரத்தில் அவனருகே இன்னொருவர் கைகள் ஓலையைப் பற்றி இழுத்தன. நாகேஸ்வரி!

“வீட்டை போ, தங்கச்சி!”

“என்ரை ஓலை அண்ணை, நான்தான் எடுக்கோணும்!”

மூன்று கட்டுகள் வந்தன. எஞ்சியவை அசைந்தில. மார்பளவு நீர் ஏறக் கண்ட கதிரவேலு, கரையேறி மண்வெட்டியை எடுத்து, இருபத்திரண்டு ஆண்டு குழியொன்றும் விழவிடாது காத்த வீதியைத் தன் கையாலேயே வெட்டினான். கண்ணீர் வந்தது, மழையில் அதனை எவரும் அறிந்திலர். ஊரார் ஓடிவந்து கைகொடுக்க, வீதி பிளந்தது. வெள்ளம் பேரொலியோடு தரவையிற் பாய்ந்தது.

பள்ளத்தில் இருந்தவை பத்தொன்பது வீடுகள். பதினெட்டுத் தப்பின. ஊறிய சுவரொன்று, வீதி பிளப்பதற்குச் சற்று முன்னரே விழுந்திருந்தது. அதன் கீழே சீவரத்தினம் கிடந்தான். மனைவி மதகடியில் ஓலை இழுத்துக்கொண்டிருந்த பொழுது அது.

வீதியை மேற்பார்க்கும் அலுவலர் வந்து உசாவியபோது, “நான் கண்டனான் ஐயா, கண்டும் விட்டனான்,” என்றான் கதிரவேலு. முப்பத்தோராம் நாட்கடன் கழிந்தபின் நாகேஸ்வரியின் முற்றத்திற் போய் நின்றான்.

“அண்டைக்கு நீங்கள் என்னை ஏசியிருக்கலாம், அண்ணை,” என்றாள் அவள், நிலத்தைப் பார்த்தபடி. “ஏசியிருந்தா, அழுதுகொண்டெண்டாலும் தூக்கியிருப்பன்.”

“ஏசத் தேவையில்லை, தங்கச்சி. குளத்தடிக்கு நூறு பாகத் தூரந்தான். பன்னிரண்டு கட்டு. நானே தூக்கிப் போட்டிருக்கலாம்.”

இரங்குதல் எளிது, அன்பரே. இரங்கிய பின் தோள் கொடுத்தலே அரிது. மூன்று நாள் தவணை தந்த அந்நெஞ்சு சில நாழிகை உழைப்பைத் தந்திருப்பின், இக்கதை எனக்குக் கிடைத்திராது; அவ்வாறு கிடைக்காமலே போயிருந்தால் நன்று.

மறு ஆண்டு மாரிக்கு முன்னர், மண்வெட்டியோடு சென்ற கதிரவேலு, மதகினுள் யாரோ சேறு அளையும் ஒலி கேட்டு நின்றான். நாகேஸ்வரி முழந்தாளளவு சேற்றில் நின்று சருகை அள்ளிக்கொண்டிருந்தாள். அவனும் இறங்கினான். அவள் அள்ளிக் கொடுக்க, அவன் வாங்கிச் சுமந்துபோய்த் தொலைவிற் கொட்டினான். வெட்டி மூடிய இடத்தின் புதுக்கற்கள்மேல் வண்டியொன்று சென்றது. வண்டியிலிருந்தோர் கீழே எவரும் நிற்பதை அறியாமலே கடந்துபோயினர்.