நந்தகோபாலின் குரல் மாதிரி

ஆம்பூர் டெண்ட் கொட்டகையின் விளம்பர வண்டியில் உட்கார்ந்து மைக் பிடிக்கிற நந்தகோபாலுக்குத் தன் தொண்டையைப் பற்றி ரொம்பப் பெரிய அபிப்பிராயம். வாணியம்பாடியிலிருந்து பள்ளிகொண்டா வரைக்கும் தேடினாலும் இப்படி ஒரு தொண்டை கிடைக்காது என்று அவனே சொல்லிக்கொள்வான். வேறு யாரும் சொல்லாததால் அவன்தானே சொல்லவேண்டும்? குடியாத்தத்துத் தறிச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்தி வளர்ந்தவன். தறியை உதறிவிட்டு வந்துவிட்டான். கத்தல் மட்டும் அவனை விடவில்லை.

சாயங்காலம் தோல் பதனிடும் ஷாப்புகளில் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வரும் நேரத்துக்கு அவன் மாட்டு வண்டி சரியாக வாசலில் நிற்கும். நாளெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்களும் அவன் “வருகிறது! இதோ வருகிறது!” என்று இழுக்க ஆரம்பித்தால் நின்று கேட்பார்கள். நோட்டீஸ் வாங்கத்தான் நிற்கிறார்கள் என்று கொட்டகை முதலாளி சுப்பராயன் சொல்வார். அதை நந்தகோபால் பொறாமை என்று எடுத்துக்கொண்டான்.

அறுபத்துமூன்றாம் வருஷம் அது. இடைவேளையில் முறுக்கு விற்கும் அவன் பெண்டாட்டி பூரணி பொட்டலம் கட்ட வாங்கிய பழைய பேப்பரில் ஒரு விளம்பரம் கிடந்தது. மெட்ராசில் இந்திப் படங்களைத் தமிழில் பேசவைக்கும் கம்பெனிக்குக் குரல் கொடுக்க ஆட்கள் தேவை, விருப்பமுள்ளவர்கள் தங்கள் குரலை டேப்பில் பதிந்து மாதிரி அனுப்பவும் என்று போட்டிருந்தது. அன்றிரவு நந்தகோபால் அதை நாலு தடவை படித்தான். இந்த ஒரு வேலை கிடைத்துவிட்டால் மாட்டு வாலுக்குப் பின்னால் உட்கார்ந்து புழுதி தின்கிற பிழைப்பு தீர்ந்தது.

டேப்புக்கு எங்கே போவது? ஊரில் அப்படி ஒரு மிஷின் சுப்பராயனிடம் மட்டும்தான் இருந்தது. தோல் மண்டிக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து அவர் தலையில் கட்டியது. டார்ச் லைட்டுக்குப் போடுகிற பேட்டரிக் கட்டையிலேயே ஓடும். எதற்கு வாங்கினோம் என்று தெரியாமல் அதற்கு உறை தைத்துப் போட்டு வைத்திருந்தார்.

“தாராளமா எடுத்துக்கோ நந்தகோபாலு. நீ மேல வந்தா எனக்கும் பெருமைதானே?” என்றார். இருந்தது ஒரே ஒரு சின்னச் சுருள்.

மறுநாள் மத்தியானம் டிக்கெட் அறையில் சாக்குப் படுதா கட்டிப் பதிவு ஆரம்பமாயிற்று. நந்தகோபால் தொண்டையைச் செருமினான். “பேரன்பு கொண்ட பெரியோர்களே! தாய்மார்களே! கம்பெனி முதலாளி அவர்களே! மேனேஜர் அவர்களே! மிஷின் கொடுத்து உதவிய வள்ளல் சுப்பராயன் அவர்களே!” என்று தொடங்கி, மேனேஜரின் குடும்பத்தாரையும், டேப்பைச் சுமந்து வரப்போகும் தபால்காரரையும் விளித்து முடிப்பதற்குள் சுருள் தீர்ந்துபோய்ச் சடசடவென்று அடித்துக்கொண்டது. மைக்கைப் பிடித்தால் இருப்பவர் இல்லாதவர் எல்லாரையும் விளிக்காமல் வாய் திறக்கக்கூடாது என்பது நம் ஊர்களின் வியாதி. அது அவனை மட்டும் விட்டுவிடுமா?

அதை அழித்துவிட்டு இரண்டாம் தடவை பேசினான். இந்தத் தடவை ராஜா, வில்லன், கிழவன், ராணி, குதிரை என்று ஐந்து குரல். அதில் குதிரை மட்டும் பிரமாதமாக வந்தது.

“ராணி இன்னாய்யா இப்படிப் பேசறா? ஜலதோஷமா?” என்றாள் பூரணி.

“உனக்கு இன்னா தெரியும்? போய் முறுக்கு சுடு,” என்றான் நந்தகோபால். ஆனால் முகம் செத்துப்போயிற்று.

சுப்பராயன் அதுவரை வெற்றிலையை மென்றபடி மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

“நந்தகோபாலு, தோல் மண்டியில மாதிரி அனுப்பறான் பாரு, ஆட்டுத்தோலு மாட்டுத்தோலு எல்லாத்தையுமா அனுப்பறான்? வெட்டு, தழும்பு இல்லாம ஒரே ஒரு நல்ல தோலு. அவ்ளோதான். நீ தினம் வண்டியில பேசறதையே உன் சொந்தக் குரல்ல பேசு. படத்தோட பேர மட்டும் சொல்லாத.”

“ஏன் மொதலாளி?”

“படம் அடுத்த வாரம் மாறிடும். அப்புறம் மெட்ராஸ்காரன் பழைய சரக்குன்னு நெனச்சிக்குவான். தேதியும் வாணாம். தினசரி ரெண்டு ஆட்டம்னு சொல்லு. பெண்களுக்குத் தனி இடம்னு சொல்லு. மழை பெய்ஞ்சாலும் ஆட்டம் உண்டுன்னு மறக்காம சொல்லு.”

மெட்ராஸ் கம்பெனிக்கு ஆம்பூர் மழையைப் பற்றி என்ன கவலை என்று நந்தகோபால் கேட்கவில்லை. முதலாளி தனக்காக இவ்வளவு யோசிக்கிறாரே என்று அவனுக்குக் கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தோடேயே பேசினான். உண்மையைச் சொல்லவேண்டும், அன்று அவன் பேசியது அருமையாக இருந்தது. கத்தவில்லை, அலட்டவில்லை, கூப்பிட்டால் எவனும் போய்விடுவான், அப்படி ஒரு குரல். போட்டுக் கேட்டபோது பூரணியே இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

“நானே பார்சல் கட்டி அனுப்பறேன். அங்க எனக்கு ஆளு இருக்குது,” என்றார் சுப்பராயன். “நீ கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கினு தொண்டைக்கு ரெஸ்ட் குடு. அவன் கூப்பிடற நேரத்துல தொண்டை கட்டிக்கினா பேஜாராய்டும். யார்கிட்டயும் பேசாத.” கையில் ஒரு பனங்கற்கண்டுப் பொட்டலத்தையும் திணித்தார்.

நந்தகோபால் விரதமே இருந்தான். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தான். தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டினான், சோறு வேண்டுமென்றால் வயிற்றைக் காட்டினான்.

“வேலைக்கு வராதவனுக்கு எந்த மொதலாளியாச்சும் கல்கண்டு வாங்கித் தருவானா?” என்று பூரணி கேட்டாள். அவன் வாயில் விரலை வைத்து அவளை அடக்கினான்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் தெருக்கோடியில் கணீரென்று ஒரு குரல் கேட்டது. “ஆம்பூர் மக்களே! தினசரி இரண்டு ஆட்டங்கள்! பெண்களுக்குத் தனி இடம்!” பூரணி கையிலிருந்த முறத்தோடு வாசலுக்கு ஓடினாள்.

“நீ இங்க குந்தினு கீற. அப்ப வண்டியில போறது யாரு?”

நந்தகோபால் எழுந்து ஓடினான். வண்டியில் அவன் உட்காரும் பலகைமேல் அந்த டேப் மிஷின் உட்கார்ந்திருந்தது. மைக்கை அதன் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். “நிறுத்துடா!” என்று கத்தினான். தொண்டை நன்றாகத்தான் திறந்தது. ஆனால் வண்டிமேலிருந்த ஒலிபெருக்கி அவன் குரலிலேயே “மழை பெய்தாலும் ஆட்டம் உண்டு!” என்று முழங்கியதில் அது யார் காதிலும் விழவில்லை.

கொட்டகைக்கு மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றான்.

“மொதலாளி, டேப்பை நீங்க அனுப்பவேயில்லியா?”

“அனுப்பிட்டா நாளைக்கு யாரு கூவறது?”

“நான் இல்லியா மொதலாளி?”

“நீதான் மெட்ராஸ் போகப்போறியே. அப்புறம் நான் ஆளுக்கு எங்க போவேன்?”

“டேப் போனாத்தானே நான் போக முடியும்?”

“அதாம்ப்பா நானும் சொல்றேன்,” என்றார் சுப்பராயன் பொறுமையாக. “அது போனா நீயும் போய்டுவ. ரெண்டும் போய்ட்டா நான் இன்னா செய்ய?”

நந்தகோபாலுக்கு அழுகை வந்தது. அந்த ஆளை அங்கேயே அடித்துப் போட்டுவிடலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அடுப்பு எரியவேண்டுமே.

“உன்னைக் கை விட்டுடுவேனா?” என்றார் சுப்பராயன். “வண்டிகூடப் போய் நோட்டீஸ் குடு. வாயத் தொறக்காத. ரெண்டு கொரல் கேட்டா ஜனங்க கொழம்பிடும்.”

மறுநாள் சங்கு ஊதியதும் ஷாப் வாசலில் வண்டி நின்றது. நந்தகோபால் சக்கரத்துக்குப் பக்கத்தில் நோட்டீஸ் கட்டோடு நின்றான். என்றைக்கும் இல்லாத கூட்டம் நின்று கேட்டது. தோல் தரம் பிரிக்கிற சர்தார் பாஷா அவன் தோளில் கை போட்டார்.

“தோஸ்த், தப்பா நெனச்சிக்காத. இத்தினி வருசமா உன் கத்தல்ல எங்க காது புண்ணாய்ட்ச்சு. இவன் பேசினா கேக்கணும்போலக் கீது. யாருப்பா இவன், மெட்ராஸ்காரனா?”

நந்தகோபால் ஒலிபெருக்கியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான்.

“ஆமா பாய், மெட்ராஸ்தான்,” என்று சன்னமாகச் சொல்லிவிட்டு அவரிடம் ஒரு நோட்டீஸை நீட்டினான்.