மாதிரிக் கல்

சூடான கல்லைத் துண்டில் சுற்றி அம்மாவின் பாதங்களுக்கு அடியில் செருகிவிட்டு நிமிர்ந்தபோதுதான், அண்ணன் பின்னால் நிற்பதைச் சின்னவள் கவனித்தாள்.

"மாதிரிக் கல்லு நாலுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"இங்கதான் எங்கயாவது இருக்கும். தேடிப் பாக்குறேன்."

அண்ணன் நான்கு கற்களையும் கட்டிலோரம் நிறுத்திவைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஆராய்ந்தான். குளிர்காய நெருப்பு மூட்டும் கூடத்துக் கணப்பைச் சுற்றியிருந்த பழைய செங்கல் முகப்பை இடிக்கச் சொன்னவன் அவன்தான். படுத்திருக்கும் அம்மாவைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வருவார்கள்; கரிபிடித்த செங்கல்லையா காட்டுவது? ஆகவே வார்ப்புச் சுண்ணாம்புக்கல். கல்லை மாவாக அரைத்து, சிமெண்ட் கலந்து அச்சில் ஊற்றி எடுப்பது. "அரண்மனையில செதுக்கினது மாதிரியே இருக்கும் சார்" என்றார், நிறம் பார்க்க ஐந்து மாதிரிகளைக் கொடுத்தனுப்பிய கடைக்காரர். அந்த அரண்மனையை விட்டு அண்ணன் இன்னும் வெளியே வரவில்லை. இதுவரை வந்த ஒரே பெரிய மனிதர், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்.

புது முகப்பு பொருத்தும்வரை நெருப்பு மூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் போய்விட்டார். வெளியே பனி. கட்டிலில் அம்மா, எதிர்ச் சுவரில் வாயைப் பிளந்த கரிய பொந்து. ஹீட்டர் வைத்தால் இருமல் வருகிறது. வெந்நீர்ப் பை ஒழுகி மெத்தையை நனைத்துவிட்டது. புதிது வாங்கக் கடைக்குப் போக முடியாது. போய் வருவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? அப்போதுதான் கல் அவள் கண்ணில் பட்டது.

"அம்மா, இது தந்த நெறம். இது மணல். இது மூடுபனி. இது பழைய முத்து. எதும்மா நல்லாருக்கு?"

அம்மா மெல்லக் கண் திறந்தாள். நான்கையும் பார்த்தாள்.

"எல்லாமே உங்கப்பா பனியன் கலர்டா."

சின்னவள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் சளைக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் சிங்கத் தலை வைக்கப் போறேம்மா."

"நெருப்பு வைப்பியா?"

"அதுக்குத்தானம்மா இவ்வளவும்."

"அப்ப சீக்கிரம் வை. குளுருது."

சமையலறை வாசலில் சின்னவள் அவனை மறித்தாள். "ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலையேண்ணா. எதா இருந்தா என்ன?"

"அவசரப்பட்டு எடுத்துட்டு, காலம் பூரா அம்மா அதையே பாத்துக்கிட்டு இருக்கணுமே. யோசிக்க வேணாமா?"

இனி நாள்கணக்குதான் என்று டாக்டர் காலையில் குரலைத் தாழ்த்திச் சொன்னபோது அண்ணனும் பக்கத்தில்தான் நின்றான். அவள் வழியை விட்டாள்.

மதியம் கல்லை மறுபடி அடுப்பில் சூடாக்கி வைத்தபோது அம்மா கால்விரல்களை லேசாக அசைத்தாள்.

"இது எந்தக் கலர்டி?"

"தெரியலம்மா. பின்னால ஒட்டியிருந்த பேரு கருகிப்போச்சு."

"இதையே எடுக்கச் சொல்லு அவன. நல்ல கல்லு."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். சின்னவள் பக்கத்து அறைக்குப் போனாள். அண்ணன் போனில் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான்: சிங்கம் வாயைத் திறந்திருந்தால் கம்பீரமா, மூடியிருந்தால் கம்பீரமா? இரு என்று அவளுக்குக் கை காட்டினான். அவள் இருந்தாள். பிறகு இருக்க முடியாமல் கூடத்துக்குத் திரும்பினாள்.

"அண்ணா."

குரலில் இருந்தது அவனுக்குக் கேட்டுவிட்டது. போனும் கையுமாக ஓடி வந்தான். அம்மாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். நெற்றியைத் தொட்டான். பிறகு போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டவன் கையில் துண்டு தட்டுப்பட்டது. பிரித்தான்.

ஐந்தாவது கல். ஒரு மூலை கருகித் தேநீர்க் கறைபோல் பழுத்திருந்தது.

சின்னவள் காத்திருந்தாள். கடைக்காரரின் பொருளைக் கெடுத்தாயே என்று கத்தட்டும். அதுகூட இப்போது தேவலை.

"இதையேதான் எடுக்கச் சொன்னாங்க" என்றாள்.

"சார், லைன்ல இருக்கீங்களா? வாய் தெறந்ததா, மூடினதா?" என்றது போன்.

அண்ணன் அதைக் கட்டிலில் வைத்தான். கல்லை இரண்டு உள்ளங்கைகளாலும் மூடிப் பார்த்தான்.

"ஆறிப்போச்சே."

கல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். சற்று நேரத்தில் சமையலறையில் அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.