நடுவில் ஒரு கட்டு

...இரண்டு முனையும் அசையாது, அசையவே கூடாது, அதுதான் நிபந்தனை என்று சொல்லிக்கொண்டே கரும்பலகையில் ஒரு கோடு இழுத்து, இந்தக் கோடியில் ஓர் ஆணி, அந்தக் கோடியில் ஓர் ஆணி என்று இரண்டு புள்ளி வைத்தாள் கணக்கு மேடம், வருஷா வருஷம் வைக்கிற அதே புள்ளிகள்தான், அலைச் சமன்பாடு என்றாலே பிள்ளைகள் பேயைக் கண்ட மாதிரி முழிப்பார்கள், அதனால் மெதுவாக, இடத்துக்கு ஒரு சார்பு, நேரத்துக்கு ஒரு சார்பு, புருஷன் பெண்டாட்டி மாதிரி இல்லை, இதுகள் பிரிந்தால்தான் நமக்கு நிம்மதி, வழக்கமான இடத்தில் வழக்கமான சிரிப்பு எழுந்தது. முனைகளைக் கட்டிப்போட்டதும் கம்பியால் இஷ்டத்துக்கு ஆட முடியாது, முழு நீளத்துக்கும் ஒரே வளைவாக ஆடும், அல்லது இரண்டாக, மூன்றாக... நீளமும் எடையும் தெரிந்தால் போதும், அதிர்வெண்ணைக் கேட்டே எவ்வளவு இறுக்கம் என்று சொல்லிவிடலாம், போன வாரம் கல்லூரி சார்பில், பழுது பார்த்த நடைபாலத்தைச் சோதிக்கப் போய்த் தான் செய்ததும் இதுவேதான் என்று கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டாள். சரி, இந்தக் கம்பியை நட்டநடுவில் யாராவது பிடித்துக்கொண்டால்? பாதி நீளக் கம்பியாகிவிடும், அதிர்வெண் இரண்டு மடங்கு, அது தெரியாத மகாபுத்திசாலி இறுக்கத்தை நாலு மடங்காகச் சொல்லிவிட்டு ஜம்மென்று வீட்டுக்குப் போவான் என்று சொல்லும்போதே சாக்பீஸ் பலகையில் நின்றுவிட்டது. சாரம்... பெயிண்டரின் சாரம்.

நடுக் கேபிளில்தானே அந்த ஆள் சாரத்தைக் கட்டியிருந்தான்? ஆற்றின்மேல் வில்லாக வளைந்த இரும்பு, அதிலிருந்து தொங்கும் கேபிள்கள்தான் நடக்கிற தளத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன, ஒவ்வொன்றையும் ரப்பர் சுத்தியலால் தட்டி, அடியில் ஒட்டிய சென்சாரில் அதிர்வெண் பார்த்து, இறுக்கம் சரி, திறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவள் அவள். நடுவில் மட்டும் சாரம் ஆடாமலிருக்கக் கேபிளின் பாதி உயரத்தில் கயிற்றை இறுக்கிச் சுற்றியிருந்தான், அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்டாள், கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது, இந்த இடத்தை முடித்துவிட்டு அவிழ்க்கிறேன் என்றான், சரியென்று மற்றவற்றைத் தட்டப் போனாள், வானம் இருட்டிக்கொண்டு வந்தது, மழைக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம், திரும்பி வந்து நடுக் கேபிளைத் தட்டினாள். தட்டுமுன் அண்ணாந்து பார்த்தாளா? பார்க்காமலா இருந்திருப்பாள், இத்தனை வருஷம் இதே பாடத்தை நடத்துகிறவள்... கயிறு இல்லாத கேபிளை நினைவில் தேடினாள், வரவில்லை, சென்சாரின் சின்னத் திரைதான் வந்தது, அதில் அவள் எதிர்பார்த்த எண் அச்சுப் பிசகாமல் நின்றது.

அந்த எண்ணைத்தான் இப்போது நம்ப முடியவில்லை. கயிறு இருந்திருந்தால் அந்த எண் பொய், உண்மையான இறுக்கம் அதில் கால்வாசி, கேபிள் சும்மா பேருக்குத் தொங்குகிறது, அதன் சுமையையும் பக்கத்துக் கேபிள்கள் சுமக்கின்றன, எத்தனை நாள் சுமக்கும்? சேச்சே, சரியாகக் கால்வாசிக்குத் தளர்ந்து, சரியாக அதே எண்ணைக் காட்டுமா, அப்படியொரு பொருத்தம் கல்யாணத்தில்கூட அமையாது, சும்மா பயப்படாதே... ஆனால் அந்த எண்ணுக்கு மேலே வந்த அதிர்வெண்கள்? ஒன்று, இரண்டு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக வந்தனவே? இரண்டு, நாலு, ஆறு என்றாலும் அதே ஒழுங்குதானே, பாவி, நடுவில் பிடித்த கம்பி ஒற்றைப்படையை அப்படியே விழுங்கிவிட்டு யோக்கியன் மாதிரி நிற்கும், இதை மட்டும் கேட்டு எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. மேடம், உடம்பு சரியில்லையா என்றாள் முன்வரிசைப் பெண். ஒன்றுமில்லை என்றவளுக்குத் தன் குரலே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. இன்று காலையில்தான் பாலத்தைத் திறந்தார்கள், காலையில்தான் வீட்டுக்காரரிடம் இனிமேல் ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டாம், குட்டியைப் பாலம் வழியாகவே கூட்டி வந்துவிடுங்கள், நானே பார்த்த பாலம்தான் என்று சொன்னாள், சொல்லும்போது சிரித்தாள் வேறு, இந்நேரம் பள்ளிக்கூடம் விட்டிருக்கும்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தாள், அவசரத்தில் இரண்டு தரம் தப்பான பெயரை அழுத்தினாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுங்கள், எடுத்துத் தொலையுங்கள்... எடுத்தார். பின்னால் குட்டியின் சத்தம், காற்றின் சத்தம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"பாலத்துமேலதான். உன் பொண்ணு நகர மாட்டேங்கிறா, கீழ மீன் பாக்கணுமாம்."

"நடுக் கேபிள் தெரியுதா? அதுல பாதி உயரத்துல கயிறு ஏதாவது கட்டியிருக்கா பாருங்க."

"கயிறா? ஒண்ணும் இல்லையே."

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, அவிழ்த்துவிட்டான், சொன்ன சொல் தவறாத மனுஷன், அவனுக்குக் கோடிப் புண்ணியம்... அவர் சாவகாசமாகப் பேசிக்கொண்டே போனார், புதுப் பெயிண்ட் பளபளவென்று இருக்கிறதாம்.

"நடுவுல மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு அடிக்காம விட்டுட்டான் பாரு. சுத்தி வளையம் மாதிரி பழைய துரு அப்படியே தெரியுது."

வளையம். கயிறு சுற்றியிருந்த அளவுக்கு. மேலேயும் அடித்திருக்கிறான், கீழேயும் அடித்திருக்கிறான், இடையில் அவளுக்காக அவிழ்த்திருந்தால் அங்கேயும் அடித்திருப்பான், கடைசிவரை அவிழ்க்கவே இல்லை. கத்தக் கூடாது, கத்தினால் அவர் ஓடுவார், ஓடினால் தளம் அதிரும்.

"குட்டியத் தூக்கிக்கோங்க. ஓடாதீங்க. மெதுவா நடந்து பாலத்த விட்டு இறங்கிடுங்க."

அவர் குரல் மாறியது. "எந்தப் பக்கம்?"

திறந்த கதவு வழியே கரும்பலகை தெரிந்தது, அவள் வைத்த இரண்டு புள்ளிகளும், அவற்றுக்கு நடுவே அத்தனை நீளமான கோடும். அவர் குட்டியை வைத்துக்கொண்டு அதன் நட்டநடுவில் நிற்கிறார், இரண்டு கரையும் ஒரே தூரம். எந்தப் பக்கம் என்று அவர் மறுபடியும் கேட்டார்.